இரண்டு குழாய் ஸ்பீக்கரும் ஒரு மோட்டார் சைக்கிளும்

1

போன மாதம் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கனடாவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. குடியுரிமை வாங்கியாகிவிட்டது, வரி ஒழுங்காகக் கட்டுகிறேன். இருந்தும் அரசாங்க உறையை இன்னும் சட்டென்று பிரிக்க மாட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் பிரிப்பேன். இந்தக் கடிதம் என் பெயருக்கு வரவில்லை, மகள் அஞ்சலையின் பெயருக்கு வந்தது. அதையும் நானே பிரித்தேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது இங்கே குற்றம் என்று அவள் பல முறை சொல்லியிருக்கிறாள்.

அவளுடைய மோட்டார் சைக்கிளில் வைக்கும் பாட்டுச் சத்தம் தெருவில் தொந்தரவாக இருப்பதாகப் புகார் வந்திருக்கிறது, குடியிருப்புப் பகுதிக்குள் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், மறுபடி புகார் வந்தால் அபராதம் விதிக்க நேரலாம் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

இந்த வினிபெக் ஊரில் வருடத்துக்கு ஐந்து மாதம்தான் மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். மீதி ஏழு மாதம் அது கராஜில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கும். பனி கரைந்த உடனே அஞ்சலை ஒரு புது ஆம்ப்ளிஃபயரும் நான்கு ஸ்பீக்கரும் வாங்கி அதில் மாட்டினாள். பல் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறவள், வெளியே வந்ததும் பாட்டு வேண்டும் என்றாள். எனக்கும் அவளுக்கும் ஒரு நாளைக்கு நான்கு வார்த்தைதான் பேச்சு. சாப்பிட்டியா என்பேன், ஆச்சு என்பாள். குளிருமாம் என்பேன், ம் என்பாள். சின்ன வயதில் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனேன், வளர்ந்ததும் நின்றுவிட்டாள். என் அம்மாவின் பெயரை அவளுக்கு வைத்தேன், அம்மாவைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் கடிதத்தை நீட்டி, "வண்டிய வித்துடு" என்றேன்.

அவள் நின்ற இடத்திலேயே படித்தாள். "இத முழுசா படிச்சியா?" என்று கேட்டாள்.

"படிச்சேன்."

"கொறச்சு வைக்கச் சொல்றாங்க. சரிதான், நான் சத்தமாத்தான் வெச்சேன். கொறச்சுக்கறேன். விக்கச் சொல்லி இதுல எங்கப்பா இருக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. "சொன்னா கேளு" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன்.

2

சனிக்கிழமை கராஜிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாட்டுக்கு நடுவே 'ஊய்' என்று ஓர் இழுப்பு. எஞ்சினை முறுக்க முறுக்க அந்த 'ஊய்'யும் ஏறியது, விட்டால் இறங்கியது. கடைக்காரரிடம் இரண்டு முறை கொண்டுபோனாளாம், அவர்களும் எதை எதையோ மாற்றிப் பார்த்தும் போகவில்லையாம். இனிமேல் ஆம்ப்ளிஃபயரையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னாள்.

இரண்டு நாளாக அவளோடு பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. இறங்கிப் போய், முட்டி போட்டு உட்கார்ந்து, இருக்கையைக் கழற்றச் சொன்னேன். விரலால் ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். நினைத்தபடிதான் இருந்தது. பாட்டுப் பெட்டிக்கு எர்த் ஓர் இடம், ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் வேறோர் இடம், இரண்டும் வண்டியின் இரும்புச் சட்டத்தில். இரண்டையும் எடுத்துப் பேட்டரியின் நெகட்டிவில் ஒரே இடத்தில் சேர்த்து முறுக்கினேன்.

"ஸ்டார்ட் பண்ணு."

முறுக்கினாள். எஞ்சின் சத்தம் எஞ்சினில் மட்டும் இருந்தது. ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் வந்தது.

அவள் வண்டியை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து மடிக்கும் ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த அப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும். "உனக்கு எப்படிப்பா தெரியும் இது?" என்றாள்.

என் மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதிலுக்காகக் காத்திருந்து பல வருடம் ஆகிறது. கராஜில் கிடந்த பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

3

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற பக்கம் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எல்லாரும் இருக்கிறார்கள். ஊர்த்தெரு ஒரு பக்கம், வாய்க்காலைத் தாண்டி எங்கள் காலனி. எங்கள் நைனாவின் பெயர் சின்னக்கண்ணு. ஊர்த்தெருவில் யார் செத்தாலும் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊருக்கெல்லாம் நடந்து போய்ச் சாவு சொல்லிவிட்டு வருவது அவர் வேலை. வேலை என்றால் அவர் தேடிக்கொண்டதல்ல. அவர் அப்பா செய்தார், அவரும் செய்ய வேண்டும். கடலை பிடுங்குகிற நாளானாலும் காய்ச்சலில் படுத்திருந்தாலும் ஆள் வந்து கூப்பிட்டால் எழுந்து போக வேண்டும். போன இடத்தில் வாசலுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டும், உட்காரக் கூடாது. மேல்சித்தாமூர் வரைக்கும் நடந்து சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியிருக்கிறார்.

இதில் ஒரு விஷயத்தைச் சின்ன வயதில் நான் கவனித்ததே இல்லை. எங்கள் காலனியில் யாராவது செத்தால் ஊர்த்தெருவில் போய் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுகூட இல்லை.

என் அண்ணன் முருகேசனுக்குத் தோன்றியது. அவர் பத்தாவது வரை படித்தவர். செஞ்சியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சலீம் பாயும் அவரும் ஒரே வகுப்பு. சும்மா இருக்கும் நேரமெல்லாம் அந்தக் கடையில்தான் இருப்பார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஏதோ ஓர் ஆபீசில் ஓடாமல் கிடந்த மோட்டார் சைக்கிளை ஏலத்தில் எடுத்துவந்து, இரண்டு பேரும் சேர்ந்து ஓட வைத்தார்கள். காலனிக்குள் வந்த முதல் மோட்டார் சைக்கிள் அது. அதில் ஒரு மைக் செட் கட்டி, சினிமாக் கொட்டகைக்கும் ஜவுளிக்கடைக்கும் விளம்பரம் செய்வது என்று திட்டம். அண்ணன் ஓட்டுவார், நான் பின்னால் உட்கார்ந்து பேசுவேன். எனக்குக் குரல் நன்றாக இருக்கும், அண்ணனுக்கு நான்கு பேர் முன்னால் பேச்சே வராது.

"நம்ம வூட்ல இனிமே யாரும் சாவு சொல்ல நடக்கக் கூடாது" என்பார் அண்ணன். "நைனாவோட அது முடிஞ்சிடணும். நாம இன்னா பேசணும்னு நாமதான் சொல்லணும், இன்னொருத்தன் வந்து சொல்லக் கூடாது."

4

முதலில் கட்டியது ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் ஒரே ஒரு குழாய் ஸ்பீக்கரும். கல்யாண வீட்டு மாமரத்தில் கட்டுவார்களே, வாய் அகன்ற தகரக் குழாய், அதுதான். வண்டியில் இருந்ததோ ஆறு வோல்ட் பேட்டரி. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் மூன்றாவது வீட்டுக்குக் கேட்காது. ஜவுளிக்கடை முதலாளி கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு நானே கடை வாசல்ல நின்னு கூவிக்குவனே" என்று சிரித்தார்.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சலீம் பாயும் அவரும் வண்டியைக் கடைக்குள் ஏற்றி ஒரு வாரம் உட்கார்ந்தார்கள். பெரிய ஆம்ப்ளிஃபயர் வந்தது. அதற்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும், அதனால் லாரி பேட்டரி ஒன்றை மரப்பெட்டியில் வைத்து இடது பக்கம் தொங்கவிட்டார்கள். வண்டி சாய்ந்தது. வலது பக்கம் கருங்கல் ஒன்றைக் கட்டிச் சரி செய்தார்கள். முன்னால் பார்த்து ஒரு குழாய், பின்னால் பார்த்து ஒரு குழாய். எல்லாம் ஆன பிறகு வண்டியைக் கிளப்பினால் என் குரலைவிட எஞ்சின் சத்தம்தான் குழாயில் பெரிதாக வந்தது. சலீம் பாய் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் கண்டுபிடித்தார். ஆம்ப்ளிஃபயரின் தகரம் வண்டிச் சட்டத்தில் படக் கூடாது, எர்த் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் கொடுத்தார்கள். ஒயர் எல்லாம் அண்ணனே சால்டர் வைத்தார். சாவகாசமாக, ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துப் பார்த்து வைத்தார்.

பிறகு எங்களுக்கு ஏக மவுசு. மேல்மலையனூர் அமாவாசைக்குப் பகலிலேயே போய், ஸ்பெஷல் பஸ் எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டு சுற்றுவோம். கூட்டத்தில் தொலைந்துபோன பாட்டிகளையும் பிள்ளைகளையும் அறிவித்துச் சேர்த்து வைப்போம்.

ஒரே ஒரு சிக்கல் எங்கள் ஊர்ப் பக்கத்தில் இருந்தது. செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லும். நிறுத்தாமல் பேசினால் என் வார்த்தையும் மலையின் வார்த்தையும் மோதி ஒன்றுமே புரியாது. அதனால் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, மலை சொல்லி முடிக்கும் வரை நிறுத்தி, அப்புறம் அடுத்த வாக்கியம் சொல்லப் பழகினேன்.

இந்தப் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை. இங்கிலீஷிலும் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறேன். நான் முடித்துவிட்டேன் என்று நினைத்து எதிரில் இருப்பவர் பேச ஆரம்பித்துவிடுவார். ஆலையில் இருபத்தாறு வருடமும் என் பேச்சு பாதியில்தான் நின்றது. குடியேற்ற அதிகாரியிடம் நேர்காணலுக்குப் போனபோதும் இதே கதை. நான் நிறுத்த, அவர் குறித்துக்கொள்ள, மறுபடி நான் ஆரம்பிக்க, அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. அந்த விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. என்ன எழுதுவது? படிவம் நிரப்பிக் கொடுத்தவரிடம் செய்தி சொல்லப் போவார் என்று மட்டும் சொன்னேன், அவர் அப்படியே எழுதினார். அதிகாரி அதைப் பார்த்துத் தபால் துறையா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். கனடா அரசாங்கத்தின் பைலில் எங்கள் நைனா இன்றுவரை தபால்காரர்தான்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்துக்கும் நான் அதிகம் போவதில்லை. எந்த ஊர் என்று கேட்பார்கள். செஞ்சிப் பக்கம் என்றால் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேள்வி இறங்கிக்கொண்டே போகும்.

5

தப்பு நான் செய்ததுதான். அதை அஞ்சலையிடம் மறைக்காமல் சொன்னேன்.

நைனாவுக்கு இரண்டு முட்டியும் வீங்கி நடக்க முடியாமல் இருந்த சமயம். மணியக்காரரின் அம்மா செத்துப்போனாள். மணியக்காரர் என்ற உத்தியோகத்தை அரசாங்கம் எடுத்துவிட்டிருந்தது, ஆனால் எங்கள் ஊரில் அவர் மணியக்காரர்தான். ஆள் வந்து கூப்பிட்டதும் நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து துண்டை எடுத்தார். பதினோரு ஊருக்குச் சொல்ல வேண்டும். அண்ணன் வேறு வேலையாகத் திண்டிவனம் போயிருந்தார், வண்டி வாசலில் நின்றது. எனக்கு ஓட்டத் தெரியும்.

"நீ படு நைனா. நான் வண்டில போயி மைக்ல சொல்லிட்டு வந்துடறேன்" என்றேன்.

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினோரு ஊரையும் மத்தியானத்துக்குள் முடித்தேன். ஒரு கையில் வண்டி, நிறுத்தி நிறுத்தி ஒரு கையில் மைக். நல்ல வார்த்தையாகப் போட்டு, குரலை இறக்கிச் சொன்னேன். திரும்பி வந்ததும் மணியக்காரர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"உங்கப்பன் பொழுதுக்கும் நடந்து சொல்றத நீ அர நாள்ல முடிச்சிட்டியே. இன்னா கொரலு! இனிமே நம்ம ஊரு சாவெல்லாம் வண்டிலயே சொல்லிடு" என்றார். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். பாராட்டில் எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்த மாதத்திலேயே இன்னொரு சாவு, ஆள் நேராக வண்டியைத் தேடி வந்தான். அண்ணன் வாசலில் நின்று, "இது விளம்பர வண்டி. சாவுக்கு வராது" என்றார். அவன் போய்ச் சொன்னான். அன்று மணியக்காரர் வாய்க்கால் வரைக்கும் வந்து நின்று, வண்டி ஏன் வராது என்று கேட்டது காலனிக்கே தெரியும். "அவங்கம்மாவுக்கு வந்த வண்டி எங்கம்மாவுக்கு வராதா?" என்று செத்தவளின் மகன் வேறு பக்கத்தில் நின்று கத்தினான். கடைசியில் நைனாதான் முட்டி வீக்கத்தோடு தடி ஊன்றிக் கிளம்பிப் போனார்.

அண்ணன் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய் ஆம்ப்ளிஃபயரையும் குழாய்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். "நைனா கால காப்பாத்தறேன்னு நீ நம்ம வாய கட்டிக் குடுத்துட்டடா" என்று மட்டும் சொன்னார். பிறகு நாலு மாதம் என்னோடு பேசவில்லை. கொட்டகை வேலையும் ஜவுளிக்கடை வேலையும் போயின.

6

அந்தக் கோடையில் நைனா காலையில் எழுந்திருக்கவில்லை. சொந்தக்காரர்களுக்குச் சொல்ல எங்கள் ஆட்கள் நான்கு பக்கமும் சைக்கிளில் கிளம்பினார்கள். அண்ணன் உள்ளே போய்ப் பரணிலிருந்து ஆம்ப்ளிஃபயரை இறக்கினார். சலீம் பாய் செஞ்சியிலிருந்து மாலையோடு வந்தவர், மாலையை வைத்துவிட்டு அண்ணனோடு உட்கார்ந்து குழாய்களை முடுக்கினார். ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆனது.

அண்ணன் மைக்கை என் கையில் கொடுத்தார். "வண்டில ஏறு. ஊர்த்தெருவுக்குப் போறோம். நைனா சாவ அங்க சொல்லணும்."

காலனிக்குள்ளும் வாய்க்கால் கரையிலும் நன்றாகத்தான் சொன்னேன். சின்னக்கண்ணு காலமாகிவிட்டார் என்று சொல்லி, மலைக்காக நிறுத்தி, சாயங்காலம் எடுக்கிறோம் என்றேன். வண்டி ஊர்த்தெருவுக்குள் திரும்பியது. வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். மணியக்காரர் வீட்டுக் கதவு திறந்தது. என் தொடையருகில்தான் ஆம்ப்ளிஃபயர். என் விரல் போய் வால்யூம் குமிழைக் கடைசி வரை திருகி இறக்கிவிட்டது. வாயை மட்டும் அசைத்தேன்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "ஒயர் அந்துபோச்சுண்ணா" என்றேன்.

மணியக்காரர் வீட்டு வாசலுக்கு நேராக அண்ணன் வண்டியை நிறுத்தி இறங்கினார். ஆம்ப்ளிஃபயர் பக்கம் குனிந்து ஒயர்களைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "சரியாப் போச்சு" என்று சொல்லி மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான்கு பேர் முன்னால் வாய் திறக்காத மனிதர்.

"எங்க நைனா செத்துட்டாரு. இந்தத் தெருவு சாவெல்லாம் அவருதான் நடந்து போயி சொன்னாரு. அவரு சாவ நாங்க சொல்றோம். சாயங்காலம் எடுக்கறோம். வர்றவங்க வாங்க."

அண்ணனுக்கு நிறுத்திப் பேசத் தெரியாது. அவரும் மலையும் ஒரே நேரத்தில் பேசினார்கள், தெருவே சத்தமாக இருந்தது. மணியக்காரர் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

சாயங்காலம் ஊர்த்தெருவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். காலனி முனையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிணம் போகும் வரை நின்றார்கள். பிறகு அந்தப் பருவம் முழுக்க எங்கள் ஆட்களைக் கடலை பிடுங்கக் கூப்பிடவில்லை, செஞ்சிக்கும் வெளியூருக்கும் போய்த்தான் பிழைத்தோம். ஆனால் சாவு சொல்ல வா என்று எங்கள் வீட்டு வாசலுக்கு அதன்பின் ஒருவரும் வரவில்லை.

நடுவில் ஒயர் அறுந்துபோனதாகவும் அதைத் தான் சேர்த்ததாகவும் அண்ணனே எல்லாரிடமும் சொன்னார். நானும் அப்படியே சொன்னேன். என் மனைவியிடம்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

7

அஞ்சலை கழற்றிய இருக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி தமிழ் அவளுக்குப் புரிந்திருக்காதோ என்று நினைத்தேன். பிறகு, "ஒயர் அறுந்துபோகலன்னு உங்க அண்ணன்கிட்ட எப்ப சொன்ன?" என்று கேட்டாள்.

"சொன்னதில்ல."

அவள் எழுந்து போய் என் போனை எடுத்துவந்து கையில் கொடுத்தாள். இங்கே சாயங்காலம், அங்கே விடிந்து கடை திறக்கிற நேரம். அண்ணன் இப்போது செஞ்சியில் பேட்டரி கடை வைத்திருக்கிறார். எடுத்ததும் சாப்பாடு, குளிர், பாப்பா எப்படி இருக்கிறாள் என்று வழக்கம்போல் விசாரித்தார். பாப்பா வண்டியில் எர்த் பார்த்துக் கொடுத்ததைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினேன்.

"ண்ணா, நைனா செத்த அன்னிக்கு ஒயர் அந்துபோகல."

அடுத்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"நான்தான் வால்யூம எறக்குனேன். பயந்துட்டேன்."

கடை ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. "நான் சால்டர் வெச்ச ஒயருடா அது" என்றார். "எப்டிடா அந்து போவும்?"

"அப்பறம் ஏன் எல்லார்கிட்டயும் அப்டி சொன்ன?"

"பின்ன இன்னா சொல்லச் சொல்ற? அப்பன் செத்த அன்னிக்கு எந்தம்பி பயந்துட்டான்னா?"

நான் அழுதுவிட்டேன். அஞ்சலை பக்கத்திலேயே நின்றிருந்தாள். அழுது முடிக்கும் வரை இருவரும் குறுக்கே பேசவில்லை.

"சரி வுடு" என்றார் அண்ணன். "பாப்பா வண்டில இப்ப சத்தம் நல்லா வருதா?"

"வருதுண்ணா. புகார் வந்துச்சு. தெருவுக்குள்ள கொறச்சுக்கறேன்னு சொல்லியிருக்கறா."

"அவ கொறச்சுக்கட்டும்" என்றார். "நீ கை வெக்காத."